புறப்படும் கோட்டில் முந்துவது எது?

காலை எட்டேகால் மணிக்கு எங்கள் பள்ளிப் பேருந்து அவிநாசி சாலைச் சிக்னலில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் திருப்பூரே பனியன் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருக்கும். சாப்பாட்டுத் தூக்குடன் அம்மாக்கள் எக்ஸெல் மொபெட்டிலும் ஸ்கூட்டரிலும் நிற்பார்கள். அண்ணன்மாரும் அப்பாக்களும் கியர் வண்டிகளில் நிற்பார்கள். துணி மூட்டை ஏற்றிய டி.வி.எஸ். ஒன்றும் எப்படியாவது இடுக்கில் புகுந்து முன்வரிசைக்கு வந்துவிடும். பேருந்தின் சன்னலோரம் அமரும் நாங்கள் நால்வரும் ஜூன் மாதத்திலிருந்து ஒரு வேலை செய்து வந்தோம். விளக்கு பச்சையானதும் வெள்ளைக் கோட்டை முதலில் தாண்டுவது எந்த வண்டி என்று பார்த்து, அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வைப்போம்.

பைக்குகளே வெல்லும் என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். ஆனால் முதல் பத்து, இருபது அடி தூரம் பெரும்பாலும் ஸ்கூட்டர்களும் மொபெட்டுகளுமே முன்னால் இருந்தன. அதற்குப் பிறகுதான் பைக்குகள் உறுமிக்கொண்டு வந்து அவற்றைக் கடந்து போயின.

ஒரு நாள் அந்தக் கடைசிப் பக்கம் எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியின் கண்ணில் பட்டுவிட்டது. “இது என்ன பந்தயக் கணக்கு?” என்றார். நடுங்கிக்கொண்டே உண்மையைச் சொன்னோம். சிஸ்டர் சிறிது நேரம் கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, “காரணம் கண்டுபிடித்தால் ஆண்டு மலரில் எழுதுங்கள். கண்டுபிடிக்காவிட்டால் நாளை முதல் பேருந்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வாருங்கள்” என்றார். அதன் விளைவே இக்கட்டுரை. இதை எழுத எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

நிற்கும் வண்டியின் சக்கரம் சற்றும் சுழல்வதில்லை. ஆனால் அதன் எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும்போதே நிமிடத்திற்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டிருக்கிறது. பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு குறை உண்டு. குறிப்பிட்ட வேகத்திற்குக் கீழே இறங்கினால் அது அணைந்துபோகும். ஓடுகின்ற எஞ்சினையும் நிற்கின்ற சக்கரத்தையும் திடீரென்று பிணைத்தால், ஒன்று எஞ்சின் நின்றுவிடும். அல்லது வண்டி துள்ளிப் பாயும். எனவே இரண்டின் வேகமும் ஒத்துப்போகும் வரை நடுவில் ஏதேனும் ஒன்று வழுக்கிக்கொண்டே இழுக்க வேண்டும். அப்படி வழுக்கும் உறுப்புக்குத்தான் கிளட்ச் என்று பெயர்.

புத்தகத்தில் படித்தபோது இது எங்களுக்குச் சரியாக விளங்கவில்லை. எங்களில் ஒருத்தியின் அத்தை வீட்டு ஓவர்லாக் இயந்திரத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அவர் நம் நால்வருக்குமே அத்தைதான். ஆகவே இனி அத்தை என்றே எழுதுகிறோம். அந்த இயந்திரத்தின் அடியில் இருப்பது கிளட்ச் மோட்டார். சுவிட்சைப் போட்டவுடன் மோட்டார் முழு வேகத்தில் சுழலத் தொடங்கிவிடும். ஆனால் ஊசி அசையாது. மிதியைக் காலால் லேசாக அழுத்தினால், உராய்வுப் பட்டை ஒட்டிய தட்டு, சுழலும் தட்டைத் தொடும். கொஞ்சம் தொட்டால் ஊசி மெல்ல ஓடும். நன்றாக அழுத்தினால் பாயும். காலை எடுத்தால் நிற்கும். புதிதாகத் தைக்க வருகிறவர்கள் காலை அப்படியே அமுக்கிவிடுவார்கள். துணி இழுபட்டுப் போகும். சில வேளை ஊசியும் ஒடியும். ஒரு நீண்ட மேசையின் அடியில் ஒரே தண்டைச் சுழலவிட்டு, பெல்ட்டுகள் மூலம் பல இயந்திரங்களை ஓட்டிய பவர் டேபிள்களைப் பார்த்தவர்கள் நம் பெற்றோர்களிலும் பலர் இருப்பார்கள்.

“இதுல என்ன கண்ணு அதிசயம்?” என்றார் அத்தை. “நானு இருவது வருசமாக் கால்ல கிளட்சு புடிச்சுத்தான பொழைக்கறேன்.”

அருகில் நின்ற மாமா சிரித்தார். “அது மிசினுங்கறதுனால ஆச்சு. பைக்கு கிளட்செல்லாம் உங்க அத்தைக்கு வராது கண்ணு. அவளுக்கு ஸ்கூட்டரே போதும்” என்றார். அத்தை ஒன்றும் பேசாமல் மிதியை அழுத்தினார், இயந்திரம் ஓடிற்று.

கையால் பிடிக்கும் கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்பதை இனி எளிதில் சொல்லிவிடலாம். பைக்கின் இடக்கைப் பிடியை இழுத்தால் தட்டுகள் பிரியும்; விட்டால் ஸ்பிரிங் அவற்றை அழுத்திச் சேர்த்துவிடும். எவ்வளவு வழுக்க வேண்டும், எவ்வளவு நேரம் வழுக்க வேண்டும் என்பதெல்லாம் ஓட்டுகிறவரின் விரல்களில் இருக்கிறது. அத்தையின் கால் செய்வதை இங்கே கை செய்கிறது.

மொபெட்டில் அந்தக் கைப்பிடியே இல்லை. ஓசூரில் செய்யப்பட்டு 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 முதல் இன்றைய எக்ஸெல் வரை எல்லாவற்றிலும் இருப்பது மையவிலக்குக் கிளட்ச். தேர்த்திருவிழாவில் சங்கிலி ராட்டினம் ஏறியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ராட்டினம் மெதுவாகச் சுற்றும்போது ஊஞ்சல்கள் நேராகத் தொங்கும். வேகம் கூடக்கூட அவை வெளிப்புறமாக விரிந்து பறக்கும். அதுபோலவே எஞ்சினோடு சுழலும் சிறு கட்டைகள், வேகம் கூடியதும் ஸ்பிரிங்கின் பிடியை மீறி வெளியே விரிந்து, தம்மைச் சுற்றியுள்ள கிண்ணத்தின் உட்சுவரைப் பற்றிக்கொள்கின்றன. கிண்ணம் சுழன்றால் சக்கரமும் சுழலும். ஆக்சிலேட்டரைத் திருகினால் போகும், விட்டால் நிற்கும்.

ஓட்டுகிறவரின் இடக்கைக்கு இதனால் விடுதலை கிடைத்தது. 1958-இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்ற சிறு வண்டியை வெளியிட்டபோது, உணவுக்கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டும்படி இருக்க வேண்டும் என்று எண்ணியே அதை அமைத்தார்களாம். அதில் காலால் மாற்றும் கியர் உண்டு. கிளட்ச் பிடி மட்டும் கிடையாது. நம் ஊரில் வலக்கையால் ஆக்சிலேட்டரையும் இடக்கையால் சரியும் துணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு போகிறவர்களைக் காணும்போது எங்களுக்கு அந்தச் சூப்பர் கப் பையனின் நினைவு வருகிறது. (அப்படி ஓட்டுவது தவறு என்பதையும் இங்கே எழுதச் சொன்னார் சிஸ்டர்.)

ஸ்கூட்டரில் இந்தக் கிளட்சுடன் ஒரு பெல்ட்டும் சேர்ந்துகொள்கிறது. எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எஞ்சினிடம் ஒரு புல்லி, பின்சக்கரத்திடம் ஒரு புல்லி, இரண்டையும் இணைத்து ஒரு தடித்த ரப்பர் பெல்ட். மாவரைக்கும் ஆலையிலும் இவ்வளவுதானே என்பீர்கள். ஆனால் ஸ்கூட்டரின் புல்லிகள் தம் அளவை மாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு புல்லியும் எதிரெதிராக வைத்த இரு கூம்புத் தட்டுகளால் ஆனது. தட்டுகள் நெருங்கினால் பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும். விலகினால் நடுவை நோக்கி இறங்கும். புறப்படும்போது முன்புல்லியில் பெல்ட் சிறிய வட்டத்திலும் பின்புல்லியில் பெரிய வட்டத்திலும் ஓடுகிறது. இது பைக்கின் முதல் கியருக்குச் சமம். வேகம் கூடும்போது முன்புல்லிக்குள் இருக்கும் உருளைகள் வெளிப்புறமாக நகர்ந்து தட்டை நெருக்குகின்றன. பெல்ட் மேலேறுகிறது, பின்புல்லியில் கீழிறங்குகிறது. முதல் கியருக்கும் கடைசிக் கியருக்கும் இடையே படிகளே இல்லாமல், சாய்தளத்தில் நடப்பதுபோல் மாறிக்கொண்டே போகிறது.

நெதர்லாந்து நாட்டு டாஃப் நிறுவனம் 1958-இல் இம்முறையில் ஒரு சிறு காரை அறிமுகம் செய்தது. அந்தக் கார் முன்னோக்கி எவ்வளவு வேகமாகப் போகுமோ அவ்வளவு வேகமாகப் பின்னோக்கியும் போகுமாம்! அதை வைத்து அந்நாட்டவர் பின்னோக்கி ஓடும் பந்தயமே நடத்தியிருக்கிறார்கள். இந்தியாவுக்கு இந்தப் பெல்ட் முறையை 1984-இல் கொண்டுவந்தது கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர். அதற்கு முன்பு ஸ்கூட்டர் என்றால் இடக்கையாலேயே கிளட்சையும் பிடித்து கியரையும் திருக வேண்டிய பஜாஜ் சேதக் போன்ற வண்டிகள்தாம். சேதக்கின் முன்புறம் நின்றுகொண்டு பள்ளிக்கு வந்ததாக எங்கள் அம்மாக்கள் சொல்கிறார்கள்.

இனி பந்தயத்துக்கு வருவோம். வளைவு இல்லாத நேர்ப்பாதையில், நின்ற நிலையிலிருந்து இருவர் புறப்பட்டு, யார் முதலில் முடிவுக்கோட்டைத் தொடுகிறார் என்று பார்ப்பதை டிராக் பந்தயம் என்கிறார்கள். நம் கொங்கு நாட்டு ரேக்ளாவை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. காளைகளை 200 மீட்டரும் 300 மீட்டரும் ஓடவிட்டு நேரம் கணக்கிடுவது நம் வழக்கம். டிராக் பந்தயத்தின் மரபான தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். அமெரிக்காவில் மிக வேகமான வகை வண்டிகளுக்கு, ஒரு வீரர் உயிரிழந்த விபத்துக்குப் பிறகு, 2008 முதல் அதை ஏறத்தாழ 305 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள்.

ஏ.டி.வி. என்ற நான்கு சக்கர வண்டிகளும் இப்படிப் பந்தயம் ஓடுகின்றன. கடற்கரை ஊர்களிலும் மலை ஊர்களிலும் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சுற்றிவரும் தடித்த டயர் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள், அவைதாம். அமெரிக்காவில் அவற்றை மணல்மேட்டிலும் பனித்தரையிலும் ஓட்டிப் பார்க்கிறார்கள். அங்கேயும் எங்கள் சிக்னல் சண்டையே நடக்கிறது. ஒரு புறம் யமஹா பான்ஷீ போன்ற வண்டிகள். 1987 முதல் 2006 வரை அமெரிக்காவில் விற்ற அந்த வண்டிக்குக் கைக் கிளட்சும் ஆறு கியரும் உண்டு. மறுபுறம் 1985-இல் போலாரிஸ் நிறுவனம் பெல்ட் முறையில் கொண்டுவந்த ஆட்டோமேட்டிக் வண்டியும் அதன் வழித்தோன்றல்களும்.

இரண்டில் எது முந்தும்? நாங்கள் படித்துப் புரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

கைக் கிளட்சுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. கிளட்சைப் பிடித்துக்கொண்டு, வண்டி நகராமலே எஞ்சினை வேண்டிய அளவு வேகமாகச் சுழலவிடலாம். சுழலும் கனமான பாகங்களுக்குள் ஆற்றல் சேர்ந்துவிடுகிறது. கிளட்சை விடும்போது எஞ்சின் அப்போது தரும் விசையோடு, சேர்த்து வைத்த இந்த ஆற்றலும் சக்கரத்தில் இறங்குகிறது. மையவிலக்குக் கிளட்சில் இது முடியாது. குறிப்பிட்ட வேகம் வந்ததும் கட்டைகள் யாரையும் கேட்காமல் பற்றிக்கொள்ளும், வண்டி நகர்ந்துவிடும். ஆகையால் ஆட்டோமேட்டிக் வண்டியில் பந்தயம் ஓடுகிறவர்கள் கிளட்ச் ஸ்பிரிங்கைக் கடினமானதாக மாற்றுவார்கள். அப்போது எஞ்சின் இன்னும் வேகமாகச் சுழன்ற பிறகே கட்டைகள் விரியும். எடை குறைந்த உருளைகளைப் போட்டால், பெல்ட் மேலேறுவதும் தாமதமாகி, எஞ்சின் அதன் முழு வலிமை வெளிப்படும் வேகத்திலேயே நிற்கும்.

ஆட்டோமேட்டிக்குக்கு உள்ள வசதி ஓடத் தொடங்கிய பிறகு தெரிகிறது. கைக் கிளட்சுக்காரர் ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் ஒரு கண நேரம் இழுவையை இழக்கிறார். பெல்ட்டுக்கு அந்த இடைவெளி இல்லை. 1993-இல் வில்லியம்ஸ் நிறுவனம் தன் ஃபார்முலா ஒன் காரில் பெல்ட் முறையைப் பொருத்திச் சோதித்துப் பார்த்தது. அது ஒரு பந்தயத்திலும் ஓடுவதற்கு முன்பே, 1994-க்கான விதிகளில் அம்முறைக்குத் தடை வந்துவிட்டது. ஸ்கூட்டர் என்றால் இளக்காரமாகப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறோம். பெல்ட்டுக்குக் குறையும் இல்லாமல் இல்லை. உராய்வில் சூடாகி ஆற்றலை வீணாக்கும். அதிகச் சுமையில் வழுக்கும். மூன்று பெரிய மூட்டைகளுடன் மேம்பாலம் ஏறும் மொபெட்டிலிருந்து கருகிய நாற்றம் வருமே, அது கட்டைகள் கிண்ணத்தில் வழுக்கித் தேய்வதுதான்.

படித்ததோடு நில்லாமல் செய்தும் பார்த்தோம். சிஸ்டர் மூன்று நிபந்தனைகள் விதித்தார். மாணவிகள் யாரும் வண்டியைத் தொடக்கூடாது. ஓட்டுநர் உரிமம் உள்ள பெரியவர்களே ஓட்ட வேண்டும். எல்லோரும் தலைக்கவசம் அணிய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாமாவின் கம்பெனிக்குப் பின்னால் உள்ள மதில் சூழ்ந்த இடத்தில் கூடினோம். சுண்ணாம்பால் கோடு கிழித்தோம். எதிர்முனையில் தண்ணீர்த் தொட்டி முடிவுக்கோடு. நடுவே ஒரு வேப்பமரம். பனியன் வேஸ்ட்டில் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துக் கொடி ஆக்கினோம். மாமா 150 சி.சி. பைக்கில், அத்தை ஸ்கூட்டரில், எங்களில் ஒருத்தியின் அம்மா எக்ஸெல்லில். கைப்பேசியில் நேரம் பார்க்கத்தான் முதலில் நினைத்தோம். நால்வரும் நான்கு விதமாக அழுத்தியதால் அதை விட்டுவிட்டு, மரத்தையும் தொட்டியையும் முதலில் கடப்பது யார் என்று மட்டும் பார்த்தோம்.

முதல் ஓட்டத்தில் சிக்னலில் நிற்பதுபோலவே பைக்கை நியூட்ரலில் நிறுத்தினோம். கொடி இறங்கியது. மாமா கிளட்சைப் பிடித்து, கியரைத் தட்டி, கிளட்சை விடுவதற்குள் அத்தையும் அம்மாவும் புறப்பட்டுவிட்டார்கள். மரம் வரை ஸ்கூட்டர்தான் முதல். அதன்பின் பைக் இரண்டையும் கடந்து தொட்டியை அடைந்தது. எங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு விடை அப்போதே கிடைத்துவிட்டது. சிக்னலில் முந்துவது ஸ்கூட்டரின் வலிமையால் அல்ல. மற்றவர் மூன்று வேலை செய்யும்போது அத்தைக்கு ஒரே வேலை என்பதால்.

இரண்டாம் ஓட்டத்தில் மாமா முதல் கியரைப் போட்டு, கிளட்சைப் பிடித்து, எஞ்சினைச் சற்று உறுமவிட்டுக் காத்திருந்தார். கொடி இறங்கியதும் பைக் கோட்டிலிருந்தே முந்தியது. ஸ்கூட்டர் பிடிக்கவே இல்லை. பெரிய எஞ்சின், தேர்ந்த கை. இதில் வியப்பில்லை.

மூன்றாம் ஓட்டம்தான் எங்களுக்கு மறக்காதது. அதே பைக்கைக் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ஓர் அண்ணனிடம் கொடுத்தோம். அவர் கிளட்சைச் சட்டென்று விட்டார், எஞ்சின் அணைந்தது. மறுபடியும் வைத்தோம். இம்முறை எஞ்சினை மிகையாக உறுமவிட்டு விட்டார். வண்டி முயல்போலத் துள்ளியது. அவரே பயந்து ஆக்சிலேட்டரை மூடிவிட்டார். இரண்டு முறையும் தொட்டியை முதலில் தொட்டது ஸ்கூட்டர்தான். அத்தை எல்லா ஓட்டத்திலும் ஒரே மாதிரிதான் ஓட்டியிருந்தார்.

கைக் கிளட்ச் மிக நல்ல புறப்பாட்டையும் தரும், மிக மோசமான புறப்பாட்டையும் தரும். ஆட்டோமேட்டிக் எப்போதும் நடுத்தரமான ஒன்றையே தரும். அமெரிக்க டிராக் பந்தயங்களில் ஒரு வகை உண்டு. அதில் ஒவ்வொருவரும் தம் வண்டி எத்தனை வினாடியில் ஓடும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மெதுவான வண்டி அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப முன்னதாகப் புறப்படும். எழுதிக் கொடுத்ததைவிட வேகமாக ஓடினால் பெரும்பாலும் தோல்வி. சொன்னபடி மாறாமல் ஓடுகிறவருக்கே வெற்றி என்பதால், அங்கே ஆட்டோமேட்டிக் வண்டிகளை விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். அத்தை அங்கே போனால் பரிசு நிச்சயம்.

இப்போது, பின்னால் சொல்கிறோம் என்ற அந்தக் காரணம். எங்களில் ஒருத்தியின் அண்ணன் கல்லூரியில் படிக்கிறார். சென்ற ஆண்டு ஓர் இரவு நண்பர்களுடன் புறவழிச்சாலையில் பந்தயம் கட்டினார். எதிரே ஒரு ஸ்கூட்டர். ஸ்கூட்டரிடம் தோற்றால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று எண்ணி, எஞ்சினை அலறவிட்டுக் கிளட்சை ஒரேயடியாக விட்டாராம். முன்சக்கரம் மேலே எழுந்தது. ஏன் எழுகிறது என்பது எங்கள் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது: பின்சக்கரம் தரையைத் தள்ளும் விசை கீழே இருக்க, வண்டியின் புவியீர்ப்பு மையம் மேலே இருக்கிறது. அந்த உயரத்தால் உண்டாகும் திருப்புத்திறன் வண்டியைப் பின்னோக்கிப் புரட்டப் பார்க்கும். இதனால்தான் உண்மையான டிராக் பைக்குகளைத் தாழ்வாகவும் நீளமாகவும் அமைத்து, சிலவற்றில் பின்னால் தாங்குச் சட்டமும் வைக்கிறார்கள். அண்ணனின் வண்டி கடையில் வாங்கிய சாதாரண வண்டி. தோளெலும்பும் மணிக்கட்டும் முறிந்தன. அந்தப் பருவத் தேர்வை அவர் எழுதவில்லை. மூன்று வாரம் அவர் அம்மா கம்பெனிக்குப் போவதற்கு முன் ஒரு முறை, வந்த பின் ஒரு முறை, தூக்குச்சட்டியுடன் எக்ஸெல்லில் மருத்துவமனைக்குப் போய்வந்தார். அண்ணன் எப்போதும் கேலி செய்யும் அதே எக்ஸெல்.

பந்தயத்தில் ஆசை உள்ளவர்கள் ஓடுவதற்கு இடம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1951-இல் தேசிய டிராக் பந்தயச் சங்கத்தை வாலி பார்க்ஸ் என்பவர் தொடங்கியதே, தெருவில் ஓடிய இளைஞர்களைத் தனி ஓடுதளத்துக்கு அழைத்து வருவதற்குத்தான். தமிழ்நாட்டில் சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பிறகு 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளம் வந்தது; தேசிய அளவிலான டிராக் பந்தயங்கள் அங்கே நடந்திருக்கின்றன. நமக்குப் பக்கத்திலேயே கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பந்தயக் கார்களைத் தாமே வடிவமைத்துக் கட்டி, 1995-இல் விமான விபத்தில் மறைந்த கோவை கரிவர்தனின் நினைவாக அதற்கு அப்பெயர்.

ஓடுதளத்தில் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம் நிற்கும். 1963 முதல் அமெரிக்காவில் அதைக் கிறிஸ்துமஸ் மரம் என்று அழைக்கிறார்கள். மூன்று மஞ்சள் விளக்குகள் அரை வினாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து, பிறகு பச்சை வரும். பச்சைக்கு முன் நகர்ந்தால் சிவப்பு எரியும். அத்துடன் ஆட்டம் முடிந்தது. நம் சிக்னலில் பச்சைக்கு முன்பே நகர்கிறவர்களுக்கும் அப்படி ஒரு விளக்கு வைத்தால் நன்றாக இருக்கும்!

சட்டத்தையும் பார்த்து வைத்தோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாமல் பொதுச்சாலையில் பந்தயம் ஓடுவது குற்றம். 18 வயதுக்கு முன் பைக்கோ ஸ்கூட்டரோ ஓட்டக்கூடாது. 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும் 16 வயது. 2019 திருத்தத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ ரூ. 25,000 அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். இந்த மலரைப் படிக்கும் பெற்றோர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிப்பார்களாக.

இந்தச் சண்டை இன்னும் எத்தனை நாளைக்கு நடக்கும் என்பதும் தெரியவில்லை. மின்சார ஸ்கூட்டரில் கிளட்சே கிடையாது. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழுத் திருப்புத்திறனுடன் இழுக்கும். வழுக்க வேண்டிய தேவையே இல்லை. டி.வி.எஸ். 50 பிறந்த அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இப்போது மின்சார ஸ்கூட்டர்களும் செய்யப்படுகின்றன. இந்த ஆண்டு எங்கள் கடைசிப் பக்கத்தில் அவற்றுக்கென்று தனிப் பத்தி போட வேண்டியதாயிற்று. தையல் இயந்திரங்களிலும் இதே மாற்றம்தான். கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு சர்வோ மோட்டார் மாட்டுகிறார்கள். மிதித்தால் மட்டும் சுழலும்; சும்மா இருக்கும்போது சத்தமும் இல்லை, மின்செலவும் குறைவு. அத்தையின் கம்பெனியில் பாதி இயந்திரங்கள் மாறிவிட்டன.

அத்தையைப் பற்றி ஒரு செய்தி மிச்சம் இருக்கிறது. அந்த ஞாயிறு, எல்லா ஓட்டமும் முடிந்த பிறகு, மாமா பைக்கை ஓரமாக நிறுத்தப் போனார். அத்தை, “கொஞ்சம் இருங்க” என்று சொல்லி அதில் ஏறி அமர்ந்தார். கியர் வண்டிக்கு அவரிடம் உரிமம் இல்லை என்று நாங்கள் பதறினோம். சிஸ்டரின் நிபந்தனை! அத்தை சிரித்துவிட்டு, சாவியைத் திருகாமலே கிளட்சை மட்டும் பல முறை பிடித்து விட்டுப் பார்த்தார். “எங்க புடிக்குதுன்னு கையிலயே தெரியுதுங்க. மிதி மாதிரியேதான்” என்றார் மாமாவிடம். மாமா ஒன்றும் சொல்லவில்லை.

2019-இல் உலகப் பாஜா மோட்டார் சைக்கிள் கோப்பையில் பெண்கள் பிரிவை வென்ற பெங்களூர் ஐஸ்வர்யா பிஸ்ஸேயைப் பற்றி நாங்கள் அத்தைக்குச் சொன்னோம். அவர் அதை அவ்வளவாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. கியர் வண்டி உரிமத்துக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டார். மறுவாரமே எல்.எல்.ஆர். எடுத்துவிட்டார். இப்போது மாலையில் கம்பெனி விட்டபின் அதே மதிலுக்குள் மாமா பின்னால் நின்று பார்க்க, நாங்கள் போட்ட சுண்ணாம்புக் கோட்டின்மேல் எட்டுப் போட்டுப் பழகுகிறார். இந்த மலர் அச்சேறும் நாளில் அவருக்குத் தேர்வு இருக்கும்.